பாலஸ்ட் ஏற்றினால் டிராஃப்ட் எவ்வளவு மாறும்? கணக்கைத் தமிழில் போட்டுப் பார்ப்போம்

கப்பலுக்குப் புதிதாக வரும் கேடட்டுகளிடம் (பயிற்சி அதிகாரிகளிடம்) முதல் வாரமே நான் கேட்கும் கேள்வி இது: "முன்னால ஃபோர்பீக் டாங்கில் 530 டன் தண்ணீர் ஏத்தப் போறேன். பின்னால டிராஃப்ட் என்ன ஆகும்?" பெரும்பாலும் "கூடும் சார்" என்றுதான் பதில் வரும். (டிராஃப்ட் என்றால் கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பது. பாலஸ்ட் என்றால் கப்பலைச் சமனாக வைக்க டாங்குகளில் ஏற்றும் தண்ணீர். ஃபோர்பீக் என்பது முன்நுனியில் இருக்கும் டாங்க்.) எடை ஏறினால் கப்பல் அமிழும், அமிழ்ந்தால் டிராஃப்ட் கூடும் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் பதில் தவறு. பின் டிராஃப்ட் குறையும், அதுவும் 20 சென்டிமீட்டருக்கு மேல் குறையும். ஏன் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் நீங்களே கணக்குப் போட்டுக் காட்டிவிடுவீர்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவன். மரைன் கல்லூரியில் ஸ்டெபிலிட்டி பாடத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். சூத்திரம் தெரியும், அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அது புரிந்த நாளில் அப்பாவின் வள்ளம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். என்னைப் போலப் படித்துவிட்டுக் கப்பலேறும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கப்பல். நிலக்கரி, தானியம் போன்றவற்றைக் கொட்டி ஏற்றும் ஒரு மொத்தச் சரக்குக் கப்பலை (பல்க் கேரியர்) எடுத்துக்கொள்வோம். மொத்த நீளம் 190 மீட்டர், அகலம் 32.26 மீட்டர். பழைய பனாமா கால்வாயின் லாக்குகளுக்குள் (கப்பலை ஏற்றி இறக்கும் கதவு வைத்த நீர் அறைகளுக்குள்) நுழைய வேண்டும் என்பதற்காக எத்தனையோ கப்பல்களுக்கு இந்த அகலத்தை வைத்திருக்கிறார்கள். முன் செங்குத்துக்கும் பின் செங்குத்துக்கும் (கப்பலின் இரு முனைகளுக்கும் பக்கத்தில் வரைந்து வைத்த கற்பனைக் கோடுகள்) இடையே 185 மீட்டர்; எல்பிபி என்று சொல்வது இதைத்தான். சரக்கு இறக்கியாகிவிட்டது, கொஞ்சம் பாலஸ்ட் இருக்கிறது. முன் டிராஃப்ட் 4.20 மீட்டர், பின் டிராஃப்ட் 6.40 மீட்டர். எடை சுமார் 26,000 டன்.

இந்த 4.20, 6.40 இரண்டும் எங்கிருந்து வந்தன? கண்ணால் பார்த்து வந்தன. கணக்கில் பாதித் தப்பு இங்கேதான் பிறக்கிறது என்பதால் கொஞ்சம் நிற்போம். கப்பலின் உடம்பில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணும் 10 செ.மீ. உயரம். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடைவெளியும் 10 செ.மீ. எண்ணின் அடி விளிம்புதான் அந்த எண் சொல்லும் ஆழம். 4 மீட்டர் குறிக்கு மேலே இருக்கும் 2-இன் அடியைத் தண்ணீர் தொட்டால் 4.20. அந்த 2-இன் தலையைத் தொட்டால் 4.30. பாதி மூழ்கினால் 4.25. தண்ணீர் சும்மா நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஜெட்டி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, பத்துப் பன்னிரண்டு அலைகள் வந்துபோகும்வரை கண்ணை எடுக்காமல் பாருங்கள். எங்கே வரை ஏறுகிறது, எங்கே வரை இறங்குகிறது, இரண்டுக்கும் நடு. கடல் பக்கக் குறிகளைப் பார்க்கக் கயிற்று ஏணியிலோ படகிலோ போயாக வேண்டும். முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடம். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் கப்பல் சாய்ந்திருப்பது கணக்குக்குள் வராது.

அடுத்து, ஒவ்வொரு டிராஃப்டுக்கும் கப்பலின் மிதப்பு எண்களை எழுதிவைத்திருக்கும் ஹைட்ரோஸ்டாடிக் டேபிளைத் திறந்து நான்கு எண்களை எடுக்க வேண்டும்.

முதலாவது டிபிசி. கப்பலை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த எத்தனை டன் வேண்டும் என்பது. தண்ணீர் மட்டத்தில் கப்பலைக் கத்தியால் கிடையாக அறுத்தால் கிடைக்கும் தளத்தின் பரப்பு இந்தக் கப்பலுக்கு ஏறக்குறைய 5,171 சதுர மீட்டர். அதை ஒரு செ.மீ. கீழே தள்ளினால் 51.71 கன மீட்டர் தண்ணீர் விலகும். கடல் தண்ணீர் கன மீட்டருக்கு 1.025 டன். பெருக்கினால் 53 டன். அவ்வளவுதான் டிபிசி. ஆர்க்கிமிடிஸ் சொன்னதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது எல்சிஎஃப். கப்பல் ஒரு சீசா பலகை என்றால், அதன் நடு முள் இருக்கும் இடம் இது. பின் செங்குத்திலிருந்து 96 மீட்டர். கப்பலின் சரிபாதி 92.5-இல் இருக்கிறது; ஆக, முள் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. இந்த இடத்தில் எடை வைத்தால் கப்பல் முன்னும் பின்னும் ஒரே அளவாக அமிழும். வேறு எங்கே வைத்தாலும் சாயும்.

மூன்றாவது எம்டிசி. முன் பின் டிராஃப்ட் வித்தியாசத்தை, அதாவது ட்ரிம்மை, ஒரு செ.மீ. மாற்ற எவ்வளவு திருப்புவிசை வேண்டும் என்பது. இங்கே 700 டன்-மீட்டர். நான்காவது எல்பிபி, அது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இவை நான்கில் எல்பிபி மட்டும்தான் மாறாது. மற்ற மூன்றும் டிராஃப்ட் மாற மாற மாறும். அதனால் அன்றைய டிராஃப்டுக்கு நேரே இருக்கும் வரியைத்தான் படிக்க வேண்டும். போன பயணத்தில் எழுதிவைத்த எண்ணை எடுத்துப் போடாதீர்கள்.

இப்போது கணக்கு. ஃபோர்பீக்கில் 530 டன். அந்த டாங்கின் எடை மையம் பின் செங்குத்திலிருந்து 179 மீட்டர்.

முதல் படி, மொத்த அமிழ்வு. 530-ஐ 53-ஆல் வகுத்தால் 10 செ.மீ. தண்ணீர் எந்த டாங்கில் இருந்தாலும் இந்த 10 மாறாது.

இரண்டாம் படி, திருப்புவிசை. முள்ளிலிருந்து டாங்க் எவ்வளவு தூரம்? 179-இல் 96 போக 83 மீட்டர், முன்பக்கம். 530 பெருக்கல் 83 என்றால் 43,990 டன்-மீட்டர். அதை 700-ஆல் வகுத்தால் 62.8 செ.மீ. ட்ரிம் அவ்வளவு மாறும், தலைப்பக்கமாக.

மூன்றாம் படி, இந்த 62.8-ஐ முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிப்பது. சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது. முள் நடுவில் இல்லையே! பின் பங்கு: 62.8 பெருக்கல் 96, வகுத்தல் 185. விடை 32.6. மீதி 30.2 முன் பங்கு.

நான்காம் படி, கூட்டல் கழித்தல். முன்: 4.20, அதோடு 0.10, அதோடு 0.302. விடை 4.60. பின்: 6.40, அதோடு 0.10, அதிலிருந்து 0.326 கழிக்க வேண்டும். விடை 6.17.

530 டன் ஏற்றியிருக்கிறோம், பின்பக்கம் 23 செ.மீ. மேலே வந்துவிட்டது. இந்தக் கப்பலின் புரொப்பெல்லர் விட்டம் 6 மீட்டர்; அதன் மேல் நுனி கீலிலிருந்து (கப்பலின் அடிமட்டத்திலிருந்து) 6.20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 6.40-இல் முழுதாக மூழ்கியிருந்த புரொப்பெல்லர் இப்போது 3 செ.மீ. தலையை நீட்டுகிறது. துறைமுகத்துக்குள் பார்க்க அது சின்ன விஷயம். வெளியே அலையில் பின்பக்கம் தூக்கும்போது புரொப்பெல்லர் காற்றில் சுழலும், எஞ்சின் திடீரென்று வேகமெடுக்கும், கப்பல் முழுக்க அதிரும். பாலஸ்ட் ஏற்றுவதற்கு ஒரு முக்கியக் காரணமே புரொப்பெல்லரையும் சுக்கானையும் தண்ணீருக்குள் வைத்திருப்பதுதான். ஏற்றிய பாலஸ்டே அவற்றை வெளியே தூக்கிவிட்டால் என்ன பயன்?

அப்பாவின் வள்ளம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. முன் தலையை எங்கள் கரையில் அணியம் என்போம், பின்பக்கம் அமரம். வலையையும் ஆட்களையும் அமரத்தில் குவித்துவிட்டால் அணியம் வானம் பார்க்கும்; காற்று பிடித்துத் திருப்பிவிடும். "அணியம் தூக்குது, ரெண்டு பேர் முன்னால போங்கல" என்று அப்பா சத்தம் போடுவார். அந்த இரண்டு பேர் எழுந்து முன்னால் போவதால் வள்ளத்தின் எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆனாலும் அணியம் இறங்கும், அமரம் ஏறும். எம்டிசி, எல்சிஎஃப் என்று எழுதி வைத்திருப்பதை எல்லாம் அப்பா பாதத்தால் உணர்ந்து வைத்திருந்தார்.

எவ்வளவு எடை என்பது ஒரு கேள்வி, எந்த இடத்தில் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சீஃப் ஆபீசராக ஏறிய முதல் கப்பல். இதே அளவுதான். ஒரு ஆற்றுத் துறைமுகம். சரக்கு இறக்கி முடியும் நேரம் இரவு ஒரு மணி. காலையில் கிளம்ப வேண்டும், புரொப்பெல்லர் மூழ்க வேண்டும். ஆஃப்ட்பீக்கில், அதாவது பின்நுனி டாங்கில், 424 டன் ஏற்றச் சொன்னேன். மனதுக்குள்ளேயே 424-ஐ 53-ஆல் வகுத்து 8 செ.மீ. என்று முடிவு கட்டிவிட்டேன். அமரத்துக்குக் கீழே வற்றத்தில், அதாவது நீர் இறங்கும்போது, இருக்கப்போகும் தண்ணீர் 20 செ.மீ. எட்டுதானே, இடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் ட்ரிம் கணக்கைப் போடவே இல்லை. மூன்றரை மணிக்கு எஞ்சின் ரூமிலிருந்து போன். "சீஃப், கூலிங் தண்ணி பிரஷர் விழுது. ஃபில்டரத் திறந்தா சேறா இருக்கு." கீழே ஓடிப்போய்ப் பார்த்தபோது ஃபில்டர் கூடை நிறையக் கறுத்த களி, பிழிந்தால் விரலிடுக்கில் வழுக்கியது. அமரம் சேற்றில் உட்கார்ந்திருந்தது. கூலிங் தண்ணீரை உறிஞ்சும் கீழ்ச் சக்ஷனை மூடி மேல் சக்ஷனுக்கு மாற்றினார்கள். நான் ஆஃப்ட்பீக்கை உடனே இறக்கச் சொன்னேன். அடுத்த ஓதம் ஏறியதும் கப்பல் எழுந்துகொண்டது. அடி மண்ணாக இருந்ததால் தப்பித்தோம், பாறையாக இருந்திருந்தால் சுக்கான் போயிருக்கும்.

அந்தக் கணக்கை நம் கப்பலின் எண்களை வைத்துப் போடுங்கள். ஆஃப்ட்பீக்கின் மையம் பின் செங்குத்திலிருந்து 4 மீட்டர். முள்ளிலிருந்து 92 மீட்டர் பின்னால். 424 பெருக்கல் 92 என்றால் 39,008. வகுத்தல் 700 என்றால் 55.7 செ.மீ. ட்ரிம். பின் பங்கு 28.9. அதோடு மொத்த அமிழ்வு 8. ஆக அமரம் இறங்குவது 37 செ.மீ. நான் எதிர்பார்த்தது 8. இருந்த தண்ணீர் 20.

ஒன்றுக்கு மேற்பட்ட டாங்கை நிரப்பும்போது தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. எடைகளை ஒரு பக்கம் கூட்டுங்கள். திருப்புவிசையை முன்பக்கம் கூட்டல், பின்பக்கம் கழித்தல் என்று அடையாளம் வைத்து இன்னொரு பக்கம் கூட்டுங்கள். ஃபோர்பீக் 530, ஆஃப்ட்பீக் 424 இரண்டையும் சேர்த்தால் 954 டன். அமிழ்வு 18 செ.மீ. விசை 43,990-இல் 39,008 போக 4,982, தலைப்பக்கம். 700-ஆல் வகுத்தால் 7.1. பின் பங்கு 3.7, முன் பங்கு 3.4. முன் டிராஃப்ட் 4.20 கூட்டல் 0.18 கூட்டல் 0.034, விடை 4.41. பின் டிராஃப்ட் 6.40 கூட்டல் 0.18 கழித்தல் 0.037, விடை 6.54. புரொப்பெல்லர் உள்ளே போய்விட்டது, முன்னும் இறங்கியிருக்கிறது.

எண் அழகாக வந்துவிட்டதே என்று உடனே பம்பைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு நுனியிலும் கனத்தைத் தொங்கவிட்டு நடுவை வெறுமையாக வைத்தால் கப்பல் முதுகு வளையும். இரு முனையும் கீழே, நடு மேலே. பலகை ஒன்றை நடுவில் தாங்கி இரு பக்கமும் குடம் தொங்கவிட்டது போல. இரும்புக்கு அதைத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதனால் எந்தத் திட்டத்தையும் லோடிகேட்டரில் (எடைகளைப் போட்டால் கப்பல் மேல் விழும் விசையைக் காட்டும் கம்ப்யூட்டரில்) போட்டு வளைவிசை அனுமதிக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வால்வு திறக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. அதேபோல, எல்லா டாங்கையும் ஒரே நேரத்தில் பாதி பாதியாக வைக்காதீர்கள். பாதி நிரம்பிய டாங்கில் தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடும், கப்பல் நிமிரும் பலம் குறையும். ஒரு ஜோடி டாங்கை எடுத்து அதை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

தண்ணீரின் அடர்த்தி பற்றிப் பலர் குழம்புவார்கள். அதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. ஃபோர்பீக்கின் கொள்ளளவு 517 கன மீட்டர். கடலில் நிரப்பினால் 530 டன். நன்னீரில் நிரப்பினால் 517 டன்தான். சரி, நன்னீரில் டிபிசியும் 53 இல்லை, 1.025-ஆல் வகுத்து 51.7. இப்போது 517-ஐ 51.7-ஆல் வகுங்கள். மறுபடியும் 10 செ.மீ.! கப்பல் மிதக்கிற தண்ணீரையே உள்ளே எடுத்தால் அடர்த்தி கணக்கிலிருந்து தானாகவே விழுந்துவிடும். அந்த டாங்க் இருந்த இடம் மிதப்புக்கு உதவாமல் போகிறது, அவ்வளவே. கன அளவைத் தளப் பரப்பால் வகுத்தாலே போதும்.

ஆனால் கப்பலின் சொந்த எடைக்கு அப்படி இல்லை. கடலிலிருந்து நன்னீருக்கு வந்தாலே, ஒரு சொட்டு ஏற்றாமல் கப்பல் அமிழும். எவ்வளவு? எடையை டிபிசியின் 40 மடங்கால் வகுங்கள்: 26,000 வகுத்தல் 2,120. விடை 12.3 செ.மீ. அடர்த்தி 1.010 உள்ள கழிமுகம் என்றால் அதில் 25-க்கு 15 பங்கு, 7.4 செ.மீ. துறைமுகத்துக்குள் வந்ததும் வாளியில் தண்ணீர் மொண்டு, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். மேல்மட்டத்துத் தண்ணீர் மட்டும் போதாது. மழைக்காலத்தில் மேலே நன்னீரும் அடியில் உப்பு நீரும் தனித்தனியாக நிற்கும்.

ஆற்றில் நிரப்பிய பாலஸ்டோடு கடலுக்குப் போவதும் கவனிக்க வேண்டியது. ஒரு டாங்கில் 13 டன் வித்தியாசம் ஒன்றுமில்லை. கப்பல் முழுக்க 15,000 கன மீட்டர் இருந்தால் 375 டன் குறைவு. டிராஃப்டில் 7 செ.மீ.

டாங்கில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கு டேபிளை நம்பாதீர்கள், சவுண்டிங் எடுங்கள், அதாவது குழாய் வழியே டேப் இறக்கித் தண்ணீரின் ஆழத்தை அளந்து பாருங்கள். டேப்பின் நுனியில் தொங்கும் பித்தளைக் குண்டு அடியைத் தட்டும்போது கையில் ஒரு மெல்லிய டக் தெரியும். அது தெரிந்த பிறகுதான் தூக்க வேண்டும். சவுண்டிங் குழாய் வழக்கமாக டாங்கின் பின்கோடியில் இருக்கும். கப்பல் பின்னால் சாய்ந்திருந்தால் தண்ணீர் அங்கே குவிந்து அதிகமாகக் காட்டும். அதற்காகத்தான் சவுண்டிங் டேபிளில் ட்ரிம்முக்குத் தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன.

இந்த டிபிசி முறைக்கும் ஒரு எல்லை உண்டு. டிராஃப்ட் மாற்றம் 20, 30 செ.மீ.க்குள் என்றால் சரியாக வரும். ஆயிரக்கணக்கான டன் ஏற்றும்போது கப்பலின் வடிவம் மேலே போகப் போக அகலும். டிபிசி, எல்சிஎஃப் எல்லாமே நகர்ந்துவிடும். அப்போது மொத்த எடையைக் கூட்டி, அந்த எடைக்கு எந்த டிராஃப்ட் என்று ஹைட்ரோஸ்டாடிக் டேபிளில் நேராகப் பார்த்து, புதிய வரியிலிருந்து எம்டிசி எடுத்து ட்ரிம் போட வேண்டும்.

பாலஸ்ட் மாற்றும் வேலையில் இந்தக் கணக்கு முன்பைவிட முக்கியம். பாலஸ்ட் நீர் மேலாண்மை ஒப்பந்தம் 2004-இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கடலின் உயிர்கள் பாலஸ்டோடு இன்னொரு கடலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. இப்போது சுத்திகரிப்புக் கருவி இருக்கிறது. ஆனாலும் நடுக்கடலில், கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டர் ஆழத்துக்கு மேல் உள்ள இடத்தில் பாலஸ்ட் மாற்ற வேண்டி வரலாம். டாங்கைக் காலி செய்து மறுபடி நிரப்பும் முறையில், காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கப்பல் எப்படி நிற்கும் என்பதை ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்து, நடுவில் புரொப்பெல்லர் வெளியே வந்த கதைகள் உண்டு.

சின்னப் படகு வைத்திருப்பவர்களுக்கு டேபிள் கிடையாது. கவலைப்பட வேண்டாம். தண்ணீர் மட்டத்தில் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கி, அணியம் கூராக இருப்பதால் 0.7-ஆல் பெருக்குங்கள். 9 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள ஃபைபர் படகுக்கு 12.6 சதுர மீட்டர். ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 129 கிலோ. 500 கிலோ ஐஸ் ஏற்றினால் நாலு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக அமிழும், அதுவும் நடுவில் வைத்தால். அமரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

ஏற்றி முடித்ததும் வேலை முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போய்க் குறிகளைப் படியுங்கள். கணக்கு முன்னே 4.41, பின்னே 6.54 என்று சொன்னது. இரண்டின் நடு ஏறக்குறைய 5.48. நடுக் குறி 5.44 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், முதுகு 4 செ.மீ. வளைந்திருக்கிறது. முனைகளில் 3, 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடாமல் தேடுங்கள். நான் தேடும் வரிசை: சவுண்டிங் மறுபடி, பக்கத்து டாங்க் வால்வு கசிகிறதா, அடர்த்தி, கடைசியாக என் கூட்டல். பெரும்பாலும் வால்வுதான்.

ஒரு கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். அதே கப்பல், 4.41-உம் 6.54-உமாக நிற்கிறது. இப்போது அடித்தள டாங்க் ஒரு ஜோடி, பக்கத்துக்கு 212 டன், மையம் பின் செங்குத்திலிருந்து 110 மீட்டர். டிபிசி 53, எம்டிசி 700 அப்படியே. முன்னே 4.53, பின்னே 6.58 வர வேண்டும். வந்ததும், முதுகு வளைவு இந்த 424 டன்னால் கூடுமா குறையுமா என்பதையும் யோசித்து, ஏன் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.